டேப்பின் மறுமுனை

என் பிரியமுள்ள அக்கா,

நீ போய் இரண்டு சீசன் முடிந்துவிட்டது. கொடைக்கானல் வீடுகளையெல்லாம் வரிக்காக அளந்தவள் நீ. ஊர் நிலவரத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் தெருவில் தண்ணீர் வந்து பத்து நாளாகிறது. குழாய் மாற்ற நகராட்சியில் காசில்லையாம். அதே தெருவில் ஒரு சென்ட் என்ன விலை என்று கேட்கவே நமக்கெல்லாம் கூச்சமாக இருக்கிறது. மனை விலை இப்படி ஏறிய ஊரில் நகராட்சி மட்டும் ஏன் அக்கா கையை விரிக்கிறது?

உனக்குத் தெரியாததா? ரகமத்தம்மா சீசனுக்கு இரண்டு அறையை வாடகைக்கு விட்டபோது, விடுதி என்று எழுதாமல் 'குடியிருப்பு' என்று எழுதினாய். "பாவம்டா, புருஷன் இல்லாத பொம்பள. வரியப் போட்டு அமுக்கவா?" என்றாய். அப்படி எத்தனை வீடு!

அந்த அம்மா வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். வாங்கிய வெளியூர்க்காரர் முன்பக்கம் முழுவதையும் நாள் வாடகைக்கு விடுகிறார். ஏட்டில் இன்றும் குடியிருப்புதான். வரவு பெரிது, வரி சிறிது என்றால் வாங்க ஆள் வராமல் இருப்பார்களா? விலை அப்படித்தான் ஏறியது. உன்மேல் கோபம்தான் அக்கா, ஆனால் எழுதும்போது அழுகைதான் வருகிறது.

அந்த வீட்டின் பின்கட்டில்தான் நான் இன்னும் குடியிருக்கிறேன். நாளைக்கு நகராட்சியிலிருந்து மறுபடி அளக்க வருகிறார்கள். ஓனர் போனில் கூப்பிட்டார்.

"முன்கட்டுலயும் சொந்தக்காரங்கதான் இருக்காங்கன்னு சொல்லிருங்க. வரி ஏறுச்சுன்னா பின்கட்டையும் ரூமாக்கிருவேன். நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

"பேசாம ஆமான்னு சொல்லிருங்க. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்கங்க போறது?" என்று உன் தம்பி பெண்டாட்டி அழுகிறாள்.

வீட்டில் இருப்பவர்தான் டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வேண்டும் என்பது உன் வழக்கம். நாளைக்கு நான் பிடிப்பேன். கேட்டால் உள்ளதைச் சொல்வேன். நீ எழுதியது ஒரு ஏழை அம்மாவுக்காக, இந்த ஓனருக்காக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

மலையடிவாரத்து அய்யம்பாளையத்தில் வாடகை குறைவாம், விசாரித்திருக்கிறேன். உன்னைப் புதைத்த ஊரை விட்டு இறங்க மனசே இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் உன் நினைவு நாளுக்கு வெள்ளனே பஸ் ஏறி வந்துவிடுவேன் அக்கா, இது சத்தியம். சாயங்காலமே திரும்ப வேண்டியிருக்கும். இந்த ஊரில் ஒரு ராத்திரி தங்க எனக்குக் கட்டுப்படியாகாது.

நீ அளந்த வீட்டில் இன்று வரை குடியிருக்கும்
உன் தம்பி,
முருகேசன்