வானத்துச் சமையல் சோடா

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. அத்தானிடம்கூட. இன்று மேகம் மூடிக் கிடப்பதால் அப்பாவுக்கு வேலையில்லை, அடுத்த அறையில் படுத்திருக்கிறார். நான் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் திட்டாதே.

முதலில் ஓர் அதிசயம். விண்கற்கள் எரிகின்றனவே, அவற்றிலுள்ள இரும்பும் சோடியமும் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் ஆவியாக மிதக்கின்றனவாம். அப்பா வேலை பார்க்கும் ஆய்வு நிலையத்திலிருந்து மேலே விடும் மஞ்சள் லேசர் பட்டால் சோடியம் மின்னுகிறது. அதை வைத்துத்தான் அவ்வளவு உயரத்துக் காற்றையும் வெப்பத்தையும் அளக்கிறார்கள். சற்றுக் கீழே இறங்கும் சோடியம் என்னவாகிறது தெரியுமா? நம் அடுப்படி டப்பாவில் இருக்கும் அதே சமையல் சோடா! நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காத, வெயில் பட்டா அது மறுபடி சோடியமாயிடும்" என்றார் அங்கே லேசரை இயக்கும் இன்ஜினியர் அம்மா. அப்படியானால் இரும்பு என்னவாகும்? அதைக் கேட்க இன்னும் வாய்க்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

அப்பாவின் வேலை உனக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் நிலையத்துக்கு வெளியே நாற்காலி போட்டு அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும். விமானம் வந்தால் பொத்தானை அழுத்தி லேசரை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் விமானிக்குக் கண் கூசிவிடும். போன வாரம் நான் டீ கொண்டுபோனபோது ஒரு வெளிச்சம் நகர்ந்து வந்தது. அப்பா சும்மா இருந்தார். "அப்பா, பிளேன்!" என்றேன். "எது? அது நட்சத்திரம்மா" என்றார். நட்சத்திரம் நடக்குமா அக்கா? பாய்ந்து நானே அழுத்தினேன்.

இன்ஜினியர் அம்மா எட்டிப் பார்த்து, "உங்களுக்குக் கழுகுக் கண்ணு அண்ணே" என்றார். அப்பாவும் சிரித்தார். ஆனால் என் கையை விடவே இல்லை. வரும் வழியில், "வெளிச்சமெல்லாம் பஞ்சு மாதிரி தெரியுது. இவங்களுக்குத் தெரிஞ்சா வேலையும் போயிடும், வேலைக்காகக் குடுத்த வீடும் போயிடும். அக்காகிட்ட மூச்சு விடாத" என்றார்.

அன்றிலிருந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நான்தான் வானம் பார்க்கிறேன். உள்ளே போய் இரும்பைப் பற்றிக் கேட்கலாம் என்றால், கண்ணை எடுக்கக் கூடாதே! வகுப்பில்தான் தூங்கி விழுகிறேன். நேற்று ராத்திரி அப்பா பக்கத்திலேயே சொக்கிவிட்டேன். விழித்தபோது ஒரு விமானம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. லேசர் அணைந்திருக்கவில்லை. நல்லவேளை, தள்ளித்தான் போனது.

நீ வா. தற்செயலாகக் கவனித்ததுபோல் அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போ. நீ சொன்னால் கேட்பார். நான் எழுதினேன் என்று மட்டும்

அப்பா கதவைத் தட்டுகிறார். "எழுந்திரு கண்ணு, வானம் தெளிஞ்சிடுச்சு" என்கிறார். அக்கா, சீக்கிரம்