மழை என்று சொல்ல வராத வாய்

அக்டோபர் 6
காலை வானொலியில் "பரவலாக மழை பெய்யும்" என்று வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மாடிக்கொடி நிறையத் துணி. மாமியாரின் கைவரிசை.

"மழை வரும்னு சொன்னேனே அத்தை, கேக்கலையா?"

"கேட்டேன்மா. அப்புறம் ஆண்டவன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டேன்."

மழை வரவில்லை. துணி மொறுமொறுவென்று காய்ந்தது. வானத்தில் செயற்கைக்கோள், அலுவலகம் நிறைய விஞ்ஞானிகள் - எல்லாம் வீண் செலவு. அத்தையை மாடியில் உட்கார வைத்தால் போதும்.

அக்டோபர் 9
கொட்டித் தீர்த்தது. துணி அத்தனையும் நனைந்தது. "ஆண்டவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்றார். நான் தப்பாகச் சொன்னால் மட்டும் ஊரே போன் போட்டுத் திட்டும்!

அக்டோபர் 14
வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஓரமாக ஒழுகுகிறது. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தின் இடப்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்விட்டது. உதடு கோணல். இடக்கண் மூடமாட்டேன் என்கிறது.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டும் டியூட்டியை மாற்றிவிட்டு என்னை அழைத்துக்கொண்டு ஓடினார். பக்கவாதம் இல்லையாம், முகத்து நரம்பில் வீக்கமாம்.

"எதனால டாக்டர்?"

"காரணம்னு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. பெரும்பாலும் சரியாயிடும். பொறுத்திருந்து பாப்போம்."

இதே குரலில்தானே நானும் தினம் வாசிக்கிறேன், 'மழைக்கு வாய்ப்பு உண்டு' என்று? கேட்கிறவர்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்!

அக்டோபர் 15
உதடு சேராததால் ப, ம, வ வரவில்லை. மழை, பனி, வெயில், மேகம், புயல், வெப்பம் - வானிலைச் சொற்களில் பாதி உதட்டில்தான் பிறக்கிறது என்று இன்றுதான் தெரிந்தது. எனக்கு மிச்சம் காற்றும் இடியும் தூறலும். நிலைய மேலாளர், "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். அவ்வளவு அன்பாக அவர் பேசியதே இல்லை. என் இடத்துக்கு ஆள் பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

ஆண்டவனுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. அதை என் வாயில்தான் காட்ட வேண்டுமா?

அக்டோபர் 22
மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து. விடுவது அத்தை. கை நடுங்கி, ஒரு சொட்டு கண்ணுக்கு, இரண்டு சொட்டு காதுக்கு. ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு பிரார்த்தனை இலவசம்.

"ஆண்டவன் பாத்துக்குவான்மா."

"பாத்துக்கிட்டேதான் இருந்தார் அத்தை. அதுதான் என் புகாரே."

எப்படியோ குழறிச் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மருந்து பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார்: "அதை அவன்கிட்டயே சொல்லு. என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

அக்டோபர் 23
சொல்லவில்லை.

நவம்பர் 3
என் இடத்தில் ஒரு புதுப் பெண் வாசிக்கிறாள். தேன் மாதிரிக் குரல். வாழ்க. ரேடியோவை அணைத்துவிட்டேன்.

எனக்கு ஏன் இப்படி? யார் குடியைக் கெடுத்தேன் நான்? குரலை வச்சுத்தானே பிழைக்கிறேன், வேற என்ன தெரியும் எனக்கு - சே. அழுதாலும் ஒரு பக்க முகம்தான் அழுகிறது.

நவம்பர் 11
விடியற்காலையிலிருந்து பேய் மழை. அவர் முதல் டிரிப் எடுத்துப் போனவர். பத்து மணிக்கு அடுத்த வீட்டுக்காரர் வந்து, ஆற்றுப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது, ஒரு வண்டியை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார். என்ன வண்டி? தெரியாதாம். அவர் போன் எடுக்கவில்லை. பிறகு எந்த போனும் வேலை செய்யவில்லை.

அத்தை தரையில் உட்கார்ந்தார். இனிமேல் பிரார்த்தனையை ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. வாய் திறக்கிறது, மூடுகிறது.

"எனக்கு வார்த்தை வரலம்மா. நீ சொல்லு."

நானா? ஆள் பார்த்துத்தான் கேட்டாரா? வீட்டில் இருக்கிற இரண்டு வாயில் பாதிதான் வேலை செய்கிறது, அதுவும் நம்பிக்கை இல்லாத பாதி. ஆனால் அவர் கை என் கையை விடவில்லை. சொன்னேன். உதடு ஒத்துழைக்காமல் குழறிக் குழறி - "இவ்வளவு நாளா உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. கேட்டா செய்வீங்களான்னும் தெரியாது. அவரைக் கொண்டுவந்து விடுங்க. அவ்வளவுதான்."

ஒரு கண் மூடியது. இன்னொன்று மூட முடியாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு அந்தக் கண்தான் முதலில் அவரைப் பார்த்தது. நடந்தே வந்திருக்கிறார், தொப்பலாக.

நவம்பர் 12
பாலத்துக்கு இந்தப் பக்கமே ஆணி குத்தி டயர் பஞ்சராம். பயணிகள் அவரைக் கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டிருந்தபோதுதான் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஆணியைப் போட்டது யார் என்று அத்தைக்குச் சந்தேகமே இல்லை. நான் விசாரிக்கப் போகவில்லை.

ஆனால் அடித்துக்கொண்டு போனது பால் வண்டி. ஓட்டியவர் மரத்தைப் பிடித்துத் தப்பிவிட்டார். இரண்டு காலும் முறிவு. அத்தையிடம் கேட்டேவிட்டேன்: "அவர் வண்டிக்கு ஏன் ஆணி கிடைக்கல?"

அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வைத்தார்.

"தெரியலம்மா. அவங்க வீட்டுக்குப் போயிட்டு வரலாமா?"

நவம்பர் 19
உதடு லேசாகச் சேர்கிறது. டாக்டர் தன் கைராசி என்றார். அத்தை வேறு ஒருவர் கைராசி என்றார். இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 30
இன்றும் பால்காரர் வீட்டுக்குப் போனோம். அத்தை ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நேரே உள்ளே போய், குவிந்து கிடந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார். நான் துடைத்து அடுக்கினேன். கட்டிலில் கட்டுப் போட்ட கால்களோடு அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அவர் மனைவி வாசல் வரை வந்தாள். அத்தையை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் மறுபடி நடப்பாராக்கா?"

"நடப்பார்" என்றேன்.

எந்த ஆதாரத்தில் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.