தேரைக் குஞ்சு

இன்று காலை என் போர்டிங்கில் சமையல்காரர் தேங்காய் உடைத்தார். உள்ளே பருப்பே இல்லை. "தேரை மோந்தது தம்பி" என்று சலித்துக்கொண்டார். நீ இருந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பாய். "தேரை மரமேறி மோந்ததைக் கண்டனீங்களோ அண்ணை? கண்டதுக்கெல்லாம் அதின்ரை தலையிலை பழி!"

மர அளவு எழுத மழைக்காட்டுக்குப் போகிற நீ, ஒருமுறை ஜாம் போத்தலோடு வெள்ளவத்தைக்கு என்னைத் தேடி வந்தாய். உள்ளே ஒரு தேரை. ஓடைக்கல்லில் பிடித்ததாம். பெருவிரலின் பாதிகூட இல்லை.

"முழுசா வளர்ந்தது மச்சான். சாதியே இவ்வளவுதான். வெட்டிப் பார்."

வெட்டிப் பார்ப்பதுதான் ஆய்வுகூடத்தில் என் வேலை. பத்து நிமிடம் போதும். ஆனால் எனக்கு அவசரம். படித்த திமிர் வேறு.

"உந்தத் தேரையை எங்கடை ஆய்வுகூடத் துரைக்குக் காட்டினா என்னைப் பாத்துச் சிரிப்பார். குஞ்சைக் கொண்டுவந்து புதுச் சாதி எண்டுறாய். தாயைக் கொண்டுவா, பாப்பம்."

ஸ்பிரிட் ஊற்றி, 'தேரைக் குஞ்சு' என்று துண்டெழுதி ஒட்டி, ஆய்வுகூட அலுமாரியில் வைத்தேன்.

நீ லீவு போட்டுத் தாயைத் தேடிப் போனாய், அடைமழைக்குள். காய்ச்சலோடு திரும்பினாய். பொரளை ஆஸ்பத்திரியில் உதடு வெடித்துக் கிடந்தபடி சொன்னாய்: "பெரிசு ஒண்டும் கிடைக்கேல்லை மச்சான். எல்லாம் உந்த அளவுதான்."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "பேசாமப் படு. சுகமாகி வா, கதைப்பம்" என்றேன். மூன்றாம் நாள் உன்னைக் கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் போத்தலைத் திறந்து வயிற்றைக் கீறினேன். முட்டைகள். இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு முட்டைகள். நீ தேடிப் போன தாய் முதல் நாளே என் மேசையில் இருந்தது.

கொட்டாஞ்சேனைக்கு இரண்டுமுறை போனேன், உன் அம்மாவிடம் சொல்லிவிட. "அந்த மழைக்குள்ளை என்னத்துக்குப் போனவன் தம்பி?" என்று இரண்டாம் முறை அவவே கேட்டா.

"ஒரு தேரைக்காக அம்மா."

"நாசமாப்போன தேரை!" என்று மண்ணை அள்ளாத குறையாகத் திட்டினா. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கண்டதுக்கெல்லாம் அதின் தலையில் பழி என்பாயே, நானும் போட்டேன்.

போத்தலில் இப்போது வேறு துண்டு, உன் பெயரோடு. 'தேரைக் குஞ்சு' என்ற பழையதை உரித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது என் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் போகிறேன். வாய் வராவிட்டால் அதையாவது அம்மாவின் கையில் கொடுத்துவிட வேண்டும்.