மௌனமும் மலைப்பூண்டும்

பழனியாண்டவன் திருவடியே துணை

பெருமாள்மலை,
ஐப்பசி மாதம், 1962

மலாயாவில் ஈப்போ நகரில் கணவருடன் வாழும் என் மகள் சௌபாக்கியவதி விசாலாட்சிக்குத் தந்தை மனம் நிறைந்த ஆசியுடன் எழுதுவது. ஆண்டவன் கருணையால் நானும் உன் தாயாரும் நலம். மலைக்குளிர் எங்களினும் நலமாக இருக்கிறது. உன் கடிதம் வந்தது. மருமகன் தோட்டத்து வேலைக்குப் போனபின் பேச்சுத்துணைக்கு ஆளின்றி மனம் கனத்துக் கிடப்பதாகவும், உறக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். உடனே அமர்ந்து, மனத்தை அடக்கும் வழிகளை மேற்கோள்களோடு ஒரு கட்டுத் தாள் நிறைய எழுதி முடித்தேன். அதை அஞ்சலில் சேர்க்குமுன் இங்கு நிகழ்ந்த ஒன்றைக் கேள்.

மனநோயுற்றோரைப் பேணும் அறச்சங்கம் ஒன்று இவ்வூரில் ஓர் இல்லம் நடத்துகிறது. ஜவுளிக்கடை இப்ராம்சா அதன் செயலாளர். நான் வேலையில் ஓய்வு பெற்றது முதல் உன் தாயார், "அங்க ஆள் வேணுமாம், போய்ட்டுத்தான் வாங்களேன்" என்று நாள்தோறும் வற்புறுத்தினாள். அறத்தில் இத்துணை ஆர்வமா என்று நெகிழ்ந்தேன். வாரம் ஒரு பிற்பகலாவது வீடு அமைதியாக இருக்கட்டும் என்பதே அவள் எண்ணமென்று இப்ராம்சா சொல்லிப் பின்னர் அறிந்தேன். இல்லத்தில் தொண்டர்க்கு விதி ஒன்றே: அங்குள்ளவர்களோடு அமர்ந்து மலைப்பூண்டு உரிக்கவேண்டும், அவர்கள் பேசினால் கேட்கவேண்டும். "புத்தி மட்டும் சொல்லிராதீங்க ஐயா, அதக் கேட்டுக் கேட்டுத்தான் பாதிப் பேரு இங்கன வந்து கெடக்காங்க" என்று இப்ராம்சா எச்சரித்தார். பூண்டைத் தீண்டாத என் நியமத்தை நீ அறிவாய். கைக்கு வேலை இல்லாதபோது வாய் அடங்குமா? சேனாதிபதி என்பவர் எதிரில் அமர்ந்து உரையாற்றத் தொடங்கினேன். அவர் கன்னிவாடிக்காரர், தோட்டத்தில் மரம் சாய்ந்து தம்பி மாண்டதைக் கண்ட நாள் முதல் ஒரு சொல்லும் பேசாதவர். தையில் அவர் மகளுக்குத் திருமணம். ஒரு சொல் பேசினாலும் வீட்டிற்கு அனுப்பலாம் என்று மருத்துவர் கூறியிருந்ததால், மனைவி சுந்தராம்பாள் வாரந்தோறும் பஸ் ஏறி வந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வாயைத் திறப்பிப்பதே என் கடன் என்று உறுதி கொண்டேன்.

சென்ற வாரம் நான் எடுத்துக்கொண்ட பொருள் மௌனத்தின் பெருமை. எம்பெருமான் அடியார்க்கு அருளிய 'சும்மா இரு' என்னும் உபதேசம் அதுவே என்று தொடங்கி, தேநீர் ஆறி, மஞ்சு இறங்கி, சுந்தராம்பாள் கொட்டாவியை முந்தானையால் மறைக்கும்வரை விரித்துரைத்தேன். சேனாதிபதி கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்தார். நிமிர்ந்து பார்த்து, "சாமி, செத்த சும்மா இருங்களேன், தலை வலிக்கி" என்றார். சுந்தராம்பாள், "பேசிட்டாரு! எங்க வீட்டுக்காரரு பேசிட்டாரு!" என்று அலறினாள், அழுதாள், சிரித்தாள், என் காலில் விழுந்து, "ஒங்க ரோதனை தாங்காமத்தான் சாமி வாயத் தொறந்தாரு, நீங்க நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தவும் செய்தாள். இப்ராம்சா சிரிப்பை அடக்கமாட்டாமல் கதவுக்குப் பின்னே போய் நின்றுகொண்டார். காலமெல்லாம் மேடையேறி மௌனத்தைப் பேசித் தீர்த்தவன் அன்றுதான் வாய் மூடினேன். சற்றுப் பொறுத்துச் சேனாதிபதி முறத்தை என் பக்கம் தள்ளினார். ஆண்டவன் மன்னிப்பானாக, உரித்தேன். நெடுநேரம் கழித்து அவர் தாமாகவே, "மரம் சாயுதுன்னு கத்துனேன் சாமி, அவனுக்குக் கேக்கல" என்றார். என்னிடம் அதற்கு ஒரு நூறு மேற்கோள் இருந்தது. அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டேன். வீட்டில் உன் தாயார் வாசனையை மோந்து, என்னைக் கொல்லையிலேயே நிறுத்தி அந்தக் குளிரில் தலையோடு தண்ணீர் ஊற்றியது தனிக்கதை.

சேனாதிபதி ஊர் திரும்புகிறார். திருமணத்திற்கு எங்களை அழைத்திருக்கிறார். "வாழ்த்த மட்டும் வெரசா முடிச்சிருங்க சாமி" என்பது அவர் விண்ணப்பம்.

விசாலாட்சி, உனக்கு எழுதிய அந்தக் கடிதக் கட்டை அடுப்பிலிட்டேன். நல்ல வெந்நீர் காய்ந்தது. உன் மனத்தில் என்ன கனம் என்று நான் கேட்கவே இல்லையே, அம்மா. எழுது. கோவையாக வேண்டா, நீண்டால் நீளட்டும், அழுகை வந்தால் வரட்டும். நான் இடைமறியாது கேட்டுக்கொண்டிருப்பேன். உறக்கமின்மையை அவ்வூர் மருத்துவரிடம் சொல்லக் கூசாதே. கார்த்திகைக்கு விளக்கேற்ற மறவாதே. நீயும் மருமகனும் உங்கள் இல்லமும் குறைவின்றி வாழ்க. வாழ்த்து இவ்வளவே, திருமணத்திற்காகப் பழகி வருகிறேன்.

உன் சொல்லுக்குக் காத்திருக்கும் தந்தை,
ஞானவேல்