கஞ்சிச் சட்டையில் ஐந்து விரல்

புதுச்சத்திரம்
14-11-1979

மணிக்கண்ணுக்கு,

உன் அம்மா சௌந்திரம் எழுதுவது. மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து, தப்பிருந்தால் சிரிக்காதே. இங்கே நானும் உன் அப்பாவும் இருக்கிறோம். மாடு ஈன்று மூன்று நாளாகிறது, கிடாரிக் கன்று. விடாத மழையில் குச்சிக்கிழங்குக் காட்டில் தண்ணீர் நிற்கிறது, கிழங்கு அழுகிவிடும் என்று அப்பாவுக்குக் கவலை. நீ போய் நாளையோடு பதினைந்து நாள். நாளை மறுநாள் கருமாதி.

உன் சட்டையைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஜவ்வரிசி மில்லிலிருந்து வரும்போது லாரி உரசி விழுந்து, கம்பவுண்டர் பாலசுந்தரத்திடம் கையில் டிஞ்சர் தடவிக்கொண்டு வந்தாய். ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு மொடமொடவென்று நான் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. அதன் நெஞ்சில் உன் ஐந்து விரலும் கருநீலமாகப் பதிந்திருந்தன. நான் உன் தலையைப் பார்க்கவில்லை. சட்டையைத்தான் பார்த்தேன். காத்தால போட்ட சட்டைய இந்தக் கோலம் பண்ணிட்டு வந்திருக்கறயே, கஞ்சி போட நான் என்ன உனக்குக் கூலிக்காரியா என்று வைதேன்.

நீ சிரித்தாய். மாவில் டிஞ்சர் விட்டுக் கலப்படம் இருக்கிறதா என்று மில்லில் தினமும் நீ சோதித்துப் பார்க்கிற வேலைதான் இது என்றாய். கஞ்சிக்குள்ள சுருட்டுன கயித்தாட்டம் ஒரு வூடு இருக்குதும்மா, டிஞ்சர் விருந்தாளியாட்டம் அதுக்குள்ள போயி உக்காந்துக்குது, உக்காந்தாத்தான் நீலம் என்றாய். தண்ணிக்கு டிஞ்சரைக் கண்டா ஆகாது, உள்ளயே தள்ளி உட்டுரும். ஸ்பிரிட்டுக்கு அது சொந்தக்காரனாட்டம், தொட்டாப் போதும், வெளிய வந்து அதுகூடப் போயிரும். நாளைக்கு ஸ்பிரிட்டு கொண்டாந்து நானே எடுத்துத் தாரேன் என்று சொல்லிவிட்டு, தலை வலிக்கிறது என்று படுத்தாய். காப்பி வேண்டுமா என்று அடுப்படியிலிருந்து கேட்டேன். பதில் இல்லை. வைததற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். விரல் ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டது. பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினேன். துணி ஆற ஆற முதலில் நடுவிரல் வந்தது. அப்புறம் பக்கத்து விரல்கள். கடைசியாகக் கட்டைவிரல். யாரோ உள்பக்கமிருந்து கையை வைத்து அழுத்துகிற மாதிரி வந்தது கண்ணு.

உன் அத்தை முத்தாயம்மாளும் பார்த்துவிட்டாள். பெத்தவ அழுது அழுது கட்டிப் போட்டிருக்கறா, அவன் போகமாட்டாம நிக்கறான் என்கிறாள். கருமாதியன்று சட்டையை மோகனூர் ஆற்றில் விட்டுவிட வேண்டுமாம். அப்பா, சாயத்துக்குப் போயி இத்தனை பேச்சா என்றார். ஆனால் நேற்று மத்தியானம் ஆணியில் தொங்கிய சட்டைமேல் தன் கையை விரலுக்கு விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார்.

நான் தினமும் கவனிக்கிறேன். வெயில் அடித்து ஓட்டுக்கூரை காய்ந்தால் விரல்கள் வெளுக்கின்றன. மழை இறங்கி அறை ஈரமானால் கறுக்கின்றன. முந்தாநாள் சட்டையை மடியில் போட்டு அழுதேன். கண்ணீர் விழுந்த இடத்தில் ஆள்காட்டி விரல் என் கண்ணெதிரே கறுத்தது. அப்போதுதான் நீ சொன்னது எனக்கு உறைத்தது. தண்ணீர்தான் உள்ளே தள்ளுகிறது. அத்தை சொன்னதில் பாதி நிஜம்.

மீதிப் பாதிதான் தப்பு. ஆற்றில் விட்டால் நீ போகமாட்டாய். காவிரி முழுக்கத் தண்ணீர். உள்ளேயே இருக்க வேண்டியதுதான், சட்டை மக்குகிற வரைக்கும். இதை யாரிடம் சொல்வேன்? சொன்னால் எனக்குக் கிறுக்கு என்பார்கள்.

இன்று காலை பாலசுந்தரத்திடம் போய்ச் சின்னப் புட்டியில் ஸ்பிரிட்டு வாங்கி வந்தேன். எதுக்குங்கம்மா என்று கேட்டார். கறை எடுக்கத்தான் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தலையில அடி பட்டிருக்குதான்னு கேட்டேனுங்கம்மா, ஒண்ணுமில்லீன்னு தம்பி சிரிச்சுட்டுப் போயிட்டாருங்க என்றார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பஞ்சில் தொட்டுச் சுண்டுவிரல்மேல் மட்டும் வைத்தேன். மறு பேச்சில்லாமல் வந்துவிட்டாய். பஞ்சு பழுப்பானது, துணி வெள்ளையானது. பயந்துபோய் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்தேன். திரும்பி வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. பஞ்சைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டி வந்தேன். வந்து பார்த்தால் பஞ்சும் வெள்ளை. மோந்து பார்த்தேன், வாசம்கூட இல்லை.

இன்னும் நாலு விரல் இருக்கிறது. புட்டியில் போதுமான ஸ்பிரிட்டும் இருக்கிறது. நாளைக்குள் நான் செய்தாக வேண்டும், மறுநாள் அவர்கள் சட்டையைக் கேட்பார்கள். தண்ணீர் மாதிரி உன்னை ஆகாதவனாக நினைக்கிறவர்கள் நடுவில் தள்ளிவிட எனக்கு மனசில்லை. சொந்தக்காரர்கள் இருக்கிற இடம் என்று தெரிந்தால் இப்போதே அனுப்பிவிடுவேன். நான் வைததை மனசில் வைத்துக்கொள்ளாதே. எங்கே இருந்தாலும் நல்லா இரு, என் சாமி.

இப்படிக்கு, உன் அம்மா சௌந்திரம்.

உன் சுண்டுவிரல் முதலில் போயிருக்கிறதே, அங்கே அதை யாராவது பிடித்துக்கொண்டார்களா கண்ணு?