கார்டு இயந்திரத்துக்கான குறிப்புகள்

14 ஆகஸ்ட் 1985

மதுரையில் முன்பு நான் வேலை பார்த்த கணினி மையத்திலிருந்து பார்சல். அங்கே இருந்தபோது நான் எழுதிய, புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் பற்றிய கையேட்டை மறுபதிப்புக்குத் திருத்தித் தரவேண்டுமாம். 'பழைய கார்டு இயந்திரத்தில்' என்று தொடங்கும் குறிப்புகளை எல்லாம் நீக்கிவிடலாம், துளையிட்ட அட்டைகளைப் போட்டு ஓட்டும் அந்தப் பழைய கணினி இப்போது யாரிடமும் இல்லை என்கிறார்கள்.

யாரிடமுமா? போய்ப் பார்த்தவர் யார்?

கருத்தம்மாளிடம் இருக்கிறது. போடிமெட்டுக்கு அப்பால், தேயிலைக் கம்பெனி அலுவலகத்தில். மையம் கழித்ததை அவர்கள் வாங்கினார்கள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது நான். தொழிலாளர் சம்பளக் கணக்கு முழுக்க அதில்தான். சந்தேகம் வந்தால் கேட்க அவளுக்கு அந்தக் கையேட்டை விட்டால் வேறு ஆள் கிடையாது.

17 ஆகஸ்ட்

எதையும் நீக்கவில்லை.

22 ஆகஸ்ட்

மையத்தில் என் இடத்துக்கு வந்த காமராஜ், இப்போது நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு ஃபோன் செய்தார். "மேடம், பசங்க புது மெஷின்ல உக்காந்துக்கிட்டு, உங்க பழைய குறிப்பப் பாத்து புரோகிராம ரெண்டா ஒடைக்கிறாங்க. ரெண்டாவது பாதிக்கு மொதப் பாதி தெரிய மாட்டேங்குது."

கார்டு இயந்திரத்துக்கு நினைவகம் போதாது. அதனால் உடைக்கச் சொன்னேன். அப்போது அது சரி. இப்போது அவர் சொல்வதும் சரி. ஆனால் கருத்தம்மாளை அப்படியே விட்டுவிட்டு... நேரில் போய்ப் பார்த்துவிடுகிறேன்.

24 ஆகஸ்ட், சனி

நாற்பத்தெட்டு வயதில் ஜீப்புக்குள் ஏலக்காட்டுப் பெண்களோடு மடங்கி உட்கார்ந்து போனேன். டிரைவர் சோணை இன்னும் இரண்டு பேரை ஏற்றினார். "மூச்சு விட எடமில்லண்ணே" என்றாள் ஒருத்தி. "மேல போயி விட்டுக்கிரலாம் ஆத்தா, அங்க காத்து நல்லாருக்கு."

கருத்தம்மாள் என்னைக் கண்டு எழுந்தவள் பிறகு உட்காரவே இல்லை. அவள் மேசைமேல் சின்னதாக ஒரு புதுக் கணினி. கார்டு இயந்திரம் மூலையில் கிடந்தது. அதன்மேல் ஈரச் சாக்குகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அது நின்னு ரெண்டு வருசமாச்சு டீச்சர்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எனக்காகத்தான் அந்தக் குறிப்பெல்லாம் விடாம எழுதி புக்கு அனுப்புறீங்க. வேணாம்னு எப்புடிச் சொல்றது? கோவிச்சுக்கிருவீங்கன்னுதான்..." தரையைப் பார்த்தாள். "அதப் பாத்து நானும் இந்த மெஷின்ல ரெண்டா ஒடச்சேன். அந்த மாசம் சம்பளம் பிந்திப்போச்சு. லயத்து வீடுகள்ல தொழிலாளிக அம்புட்டுப் பேரும் கண்டபடி வஞ்சாங்க."

"உன்னையா, என்னையா?"

"என்னயத்தான். உங்கள நான் வஞ்சேன்."

வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

இறங்கும்போது நினைத்துப் பார்த்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்றுதான் இருக்கிறது.

26 ஆகஸ்ட்

சிவப்பு மையால் அடித்துத் தள்ளினேன். ஒரு பக்கத்தில் மூன்று வரிதான் மிஞ்சியது. படித்துப் பார்த்தேன், அதுவே போதும்.

10 பிப்ரவரி 1986

புதுப் பதிப்பு போன வாரம் கருத்தம்மாளுக்கும் போயிருக்கிறது. இன்று கல்லூரிக்கு ஃபோன் செய்தாள், முதல் தடவையாக. நலம்கூட விசாரிக்கவில்லை.

"டீச்சர், பதினோராம் பக்கத்துல நீங்க போட்டது தப்பு. எழுதிக்கிருங்க."

எழுதிக்கொண்டேன்.