ஏரியில் கலக்கும் சாணித் தண்ணீர்

அக்கா,

இன்று காலை கொட்டகைக் கதவைத் திறந்ததுமே ஏரி நாறியது. அழுகின முட்டைக்கோஸ் வாடை. கரையேறிப் பார்த்தேன். நீ இருந்தபோது ஓரத்தில் மட்டும் படர்ந்திருந்த பச்சை இப்போது மதகு வரைக்கும் பெயிண்ட் கொட்டியதுபோல் தடித்துக் கிடக்கிறது.

ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்த நாம் ஒரே கொட்டகையில் மாடு கட்டினோம். பாலில் கொட்டகை வாடை அடித்தால் பால் சென்டரில் கேனைத் திருப்பிவிடுவார்கள் என்று ஊரே பைப்பைத் திறந்து சாணியைக் கால்வாயில் தள்ளும். நீ மட்டும் தகரத்தால் சாணியை வழித்துக் குழியில் போட்ட பிறகுதான் கழுவுவாய்.

"மொதல்ல வாருடி, அப்பால தண்ணி ஊத்து. இது நம்ம மாடு குடிக்கிற ஏரிலதான் போயி விழுது."

இடுப்பு ஒடிகிற நேரத்தில் இவள் வேறு என்று எனக்கு எரிச்சலாக வரும். நீ விடவில்லை. சித்தூர் சந்தைக்குப் போகிற பஸ்ஸில்கூடக் கீழ்க் கழனிக்காரரைப் பிடித்துக்கொண்டாய்.

"மழைக்கு முன்னால யூரியா எறைச்சியே, பாதி ஏரிக்குத்தான் போச்சி. எங்க சாணிய எடுத்துக்கினு மூட்டைய கொறையேன்பா."

"எல்லாரும் கொறைக்கட்டும்மா, நானும் கொறைக்கிறேன்."

பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடியும் அவரிடம் போய் நின்றாய். உன் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு. நெஞ்சுவலி வந்து நீ போன பிறகு அவரிடம் கேட்க ஆளில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். அதே பதில்தான், சிரிப்புகூட இல்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பசு ஏரியில் குடித்துவிட்டுக் கரையிலேயே விழுந்து செத்தது. மாட்டு டாக்டர் வந்து, "இந்தப் பச்சையில விஷம் இருக்கும், மாட்ட எறக்காதீங்க" என்றார். இறக்காமல் எங்கே போவது? நம் போர்வெல்லும் வற்றிப்போய் விட்டு விட்டு ஒவ்வொரு குடமாகத்தான் கக்குகிறது. கொட்டகையைக் கழுவினால் மாட்டுக்குக் குடிக்க இல்லை. மாட்டுக்குக் காட்டினால் கேன் திரும்பி வரும். உன் கொழுந்தனார், "வித்துடலாமா?" என்கிறார். செத்த மாட்டைப் பார்த்த ஊரில் யார் வாங்குவார்கள்?

இன்று உன் தகரத்தைத் தேடி எடுத்தேன். ஒரு பொட்டுச் சாணி விடாமல் வழித்துவிட்டுக் கழுவினேன். பாதித் தண்ணீர் மிச்சமானது அக்கா. சத்தியமாக ஆச்சரியப்பட்டேன், கொஞ்சம் அழுதும்விட்டேன். ஆனால் மற்ற வீட்டுச் சாணியெல்லாம் என் கண்ணெதிரே கால்வாயில் போய்க்கொண்டுதான் இருந்தது.

மிஞ்சியது ஒரு மாட்டுக்குத்தான் போதும். உன் செவலைக்கு வைத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டது. என் கறுப்பி வெறும் தொட்டியை நக்கிப் பார்த்துவிட்டு ஏரிப் பக்கம் இழுக்கிறது. கயிற்றை விடவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.